வீட்டுக்குள் ஒரு சைக்கிள்: குறைந்த செலவில் பயிற்சித் தாங்கி வாங்க விரும்பும் சகோதரிகளுக்கு

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய கிராமங்களில் நடைபெறும் பெண்கள் குழுக் கூட்டங்களில் அண்மைக்காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. "வீட்டுக்குள்ளயே வைச்சு சைக்கிள் ஓடுற சாமான் ஒண்டு இருக்காம். ஃபோனில றோட்டுத் தெரியுமாம். அது என்ன விலை பிள்ளை? எங்களுக்குச் சரிவருமோ?" என்பதே அது.

இந்தக் கேள்வி எழுவதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. ஒன்று, நாற்பது வயதைக் கடந்த எமது பெண்களிற் பலருக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் வந்துவிட்டன. சிகிச்சை நிலையத்துக்குச் செல்லும் ஒவ்வொரு தடவையும் "நடவுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று சொல்லப்படுகின்றது. மற்றையது, கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உறவினர்கள் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துகின்றார்கள். அவர்களுடன் கைத்தொலைபேசியில் கதைக்கும்போது இவர்களும் அதனைப் பார்க்கின்றார்கள்.

சமூகப் பணியாளர் என்ற வகையில் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கின்றது. கடைக்காரர் விற்பதற்காகச் சொல்வார். உறவினர் தமது நாட்டு நிலைமையை வைத்துச் சொல்வார். எமது வருமானத்துக்கும் எமது சைக்கிளுக்கும் எமது வீட்டுக்கும் எது பொருந்தும் என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

நின்ற இடத்தில் மிதிப்பது எமக்குப் புதிதா?

யுத்த காலத்தை அனுபவித்தவர்களுக்கு இது புதிதல்ல. 1990 இல் யாழ் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றறிகள் தடை செய்யப்பட்ட பொருட்களில் ஒன்றாகின. அக்காலத்தில் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி அல்லது தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து கிடைத்த மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். ஒருவர் மிதிக்க வீடு முழுவதும் சூழ்ந்திருந்து பி.பி.சி. தமிழோசைச் செய்தி கேட்டதை இன்றும் பல தாய்மார் நினைவுகூருகின்றார்கள்.

இன்று 'ட்ரெய்னர்' என்ற பெயரில் விற்கப்படும் பயிற்சித் தாங்கியும் அடிப்படையில் அதே ஏற்பாடுதான். சைக்கிளின் பின்சில்லு நிலத்தில் படாமல் தூக்கி நிறுத்தப்படுகின்றது. ஆனால் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. சைக்கிள் டைனமோ 6 வோல்ற்று, 3 வாற்று அளவிலானது. அதனைச் சுற்றுவதற்கு அதிக பலம் தேவையில்லை. சாதாரண உடல்நிலையுள்ள ஒரு பெண் களைக்காமல் மிதிக்கும்போதே 50 வாற்று அளவிலான வலுவைக் கொடுக்க முடியும். எனவே ஸ்ராண்டில் விட்டு வெறுமனே மிதித்தால் கால் சுழலுமே தவிர உடலுக்குப் போதிய வேலை இருக்காது. வீதியிலே காற்றும் மேடும் தருகின்ற எதிர்ப்பை வீட்டுக்குள் தருவதற்காகவே தாங்கி செய்யப்படுகின்றது.

வீதி இருக்க ஏன் வீட்டுக்குள்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் கருவியைப் பற்றி மட்டும் பேசுவது சரியல்ல. எமது பிரதேசத்தில் வீதிகளுக்குக் குறைவில்லை. உட்துறைமுக வீதியில் விடியற்காலையில் ஓடினால் கடற்காற்று முகத்தில் அடிக்கும். 2009 இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தால் இன்று சைக்கிளிலேயே கடந்து செல்லலாம். முன்னர் அங்கு பாதைப் படகுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. வீதி இருந்தும் எமது பெண்கள் அதில் இல்லை.

கணவனை இழந்த அல்லது கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண் ஒருவர் காலை ஐந்து மணிக்குத் தனியே வீதியில் நடந்தால் "இவ எங்க போறா?" என்று கேட்கப்படுகின்றது. அவர் சைக்கிளில் போனால் இன்னும் இரண்டு கதை சேர்கின்றது. மாலையில் போவதானால் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. சித்திரை தொடக்கம் ஆவணி வரை வெயிலும் கச்சான் காற்றும். வாடைக் காலத்தில் மழை. பெண் தலைமைத்துவக் குடும்பத்தில் உழைப்பும் சமையலும் வழக்குத் தவணைகளும் காரியாலய அலைச்சலும் ஒரே ஆளின் தலையில் விழுகின்றன. இவற்றுக்கிடையே அவருடைய உடம்புக்கென்று அரை மணித்தியாலம் ஒதுக்குவதைக் குடும்பமே ஆடம்பரமாகப் பார்க்கின்றது.

உள்ளூர்ப் பெண்கள் குழுவொன்றைச் சேர்ந்த ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: "பிள்ளை, றோட்டில ஓடினா ஊர் கதைக்கும். வீட்டுக்குள்ள ஓடினா ஆர் பாக்கப் போகினம்?" அவருக்கு ஐம்பத்தைந்து வயது. 1990 இடப்பெயர்வின்போது பிரிந்த தங்கை கனடாவில் இருக்கின்றார். தங்கைதான் பழைய தாங்கியொன்றை வாங்கிக் கப்பல் பெட்டியில் போட்டு அனுப்பினார். இப்போது ஞாயிறு காலை ஆறு மணிக்கு இவர் திருகோணமலையில் ஏறுகின்றார். கோடை காலமென்றால் ரொறன்ரோவில் அப்போது சனி இரவு எட்டரை மணி. தங்கை அங்கே ஏறுகின்றார். திரையிலே இருவரின் உருவங்களும் ஒரே வீதியில் செல்கின்றன. "முப்பது வருசத்துக்குப் பிறகு அவளும் நானும் சோடியா ஓடுறம்" என்று அவர் சொன்னபோது, இதனை வெறும் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிட முடியாது என எனக்குத் தோன்றியது.

திரையில் தெரியும் வீதி

இச்செயலிகளில் பரவலாக அறியப்பட்டது ஸ்விஃப்ட். 2014 இல் அறிமுகமாகியது. மைவூஷ், ரூவி என்பனவும் உள்ளன. நீங்கள் மிதிக்கும் வேகமும் பலமும் ஓர் உணரி மூலம் கைத்தொலைபேசிக்கோ கணினிக்கோ செல்கின்றன. அதற்கேற்பத் திரையில் உங்கள் உருவம் நகர்கின்றது. உலகின் வேறு மூலைகளில் மிதிப்பவர்களும் அதே வீதியில் தெரிவார்கள்.

கொரோனாக் காலத்தில் வீதிப் போட்டிகள் நின்றபோது இது பெரிதும் வளர்ந்தது. சர்வதேச சைக்கிளோட்டச் சம்மேளனம் 2020 டிசம்பரில் முதலாவது மெய்நிகர் உலகச் சம்பியன் போட்டியை நடத்தியது. பெண்கள் பிரிவில் தென்னாபிரிக்காவின் ஆஷ்லி மூல்மன் பாசியோ வெற்றி பெற்றார். அதே ஆண்டு ஜூலையில் நடந்த மெய்நிகர் 'டூர் டி பிரான்ஸ்' போட்டியில் பெண்களும் ஆண்களும் ஒரே பாதைகளில், ஒரேயளவு தூரம் ஓடினார்கள். 2022 இல் உண்மையான வீதியிலும் பெண்களுக்கான 'டூர் டி பிரான்ஸ்' மீள ஆரம்பித்தபோது அதற்குப் பிரதான அனுசரணை வழங்கியது இந்த ஸ்விஃப்ட் நிறுவனமே. அறைக்குள் ஓடியது பெண்களுக்கு வீதியைத் திறக்கவும் உதவியிருக்கின்றது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தாங்கிகள் எத்தனை வகை?

1. உருளைகள்: மூன்று உருளைகளின் மேல் சைக்கிளை வைத்து ஓடுவது. சைக்கிள் எதனாலும் பிடிக்கப்படுவதில்லை. சமநிலை தவறினால் விழ நேரிடும். பழகியவர்களுக்கே உரியது. எமது தேவைக்கு இது வேண்டாம்.

2. சில்லில் அழுத்தும் காந்தத் தாங்கி: இரும்புச் சட்டகம் பின்சில்லின் அச்சை இருபுறமும் பிடிக்கும். ரயர் ஒரு சிறிய உருளையில் அழுத்தும். உருளையோடு சுழலும் உலோகத் தட்டுக்கு அருகே காந்தம் இருக்கும். காந்தத்தைக் கிட்டக் கொண்டுவந்தால் மிதிப்பது கடினமாகும், விலக்கினால் இலகுவாகும். இதற்கு மின்சாரம் தேவையில்லை. 2022 இல் நாம் அனுபவித்த நீண்ட மின்வெட்டுகளை நினைத்தால் இது சிறிய நன்மையல்ல. வெளிநாடுகளில் புதிதாக 60 முதல் 120 டொலர் வரையில் கிடைக்கின்றது. பழையது அதிலும் மலிவு.

3. எண்ணெய்த் தாங்கி: காந்தத்துக்குப் பதிலாக அடைத்த பெட்டிக்குள் எண்ணெயும் அதனைக் கலக்கும் விசிறியும் இருக்கும். வேகம் கூடக் கூட எதிர்ப்பும் தானாகக் கூடும். சத்தம் குறைவு. விலை சற்றுக் கூட. பழையது வாங்குவதானால் எண்ணெய் கசிகின்றதா என்று பார்க்க வேண்டும்.

4. சில்லில் அழுத்தும் 'ஸ்மார்ட்' தாங்கி: வலுவைத் தானே கணித்து புளூடூத் மூலம் செயலிக்கு அனுப்பும். திரையில் மேடு வந்தால் மிதிப்பும் தானாகக் கடினமாகும். பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் தேவை. புதியது 300 டொலர் அளவில் ஆரம்பமாகும்.

5. நேரடித் தாங்கி: பின்சில்லையே கழற்றிவிட்டுச் சங்கிலியைத் தாங்கியோடு இணைப்பது. திருத்தமானது, சத்தம் குறைந்தது. 2022 இல் ஸ்விஃப்ட் நிறுவனம் 499 டொலருக்கு ஒன்றை வெளியிட்ட பின்னர் விலைகள் குறைந்தன. எனினும் இவை பல கியர்கள் கொண்ட சைக்கிள்களுக்காகச் செய்யப்பட்டவை. எமது வீடுகளில் உள்ள ஒற்றைச் சங்கிலிச் சில்லுச் சைக்கிளுக்கு இவை பொருந்தமாட்டா. உறவினர் "நல்ல சாமான்" என்று இதனை அனுப்பிவிட்டால் மூலையில்தான் கிடக்கும்.

ஆகவே எமக்குரிய தெரிவு இரண்டாவது வகை. வசதியிருந்தால் நான்காவது.

முதலில் உங்கள் சைக்கிளைப் பாருங்கள்

தாங்கியை விடச் சைக்கிளே முக்கியம். பின்வரும் விடயங்களை வாங்குமுன் பாருங்கள். தேவையெனில் சைக்கிள் திருத்துபவர் ஒருவரையும் காட்டிக் கேளுங்கள்.

வீட்டில் இருப்பது ஒரே சைக்கிளா? பிள்ளை பள்ளிக்கூடம் போவதும், மீன் அல்லது விறகு கட்டுவதும், கடைக்குப் போவதும் அந்தச் சைக்கிளிலென்றால் அதனைத் தாங்கியில் மாட்டாதீர்கள். ஏனெனில் தாங்கியில் மாட்டுவதற்கு எமது சைக்கிள்களில் பின் ஸ்ராண்டைக் கழற்ற வேண்டிவரும். அச்சிலேயே இணைக்கப்பட்டுள்ள கரியர் கம்பிகளும் மட்காட் கம்பிகளும் தாங்கியின் பிடிக்கு இடைஞ்சலாகும். தினமும் கழற்றிப் பூட்ட முடியாது. வீதிக்கு உதவாமல் கிடக்கும் பழைய சைக்கிள், ஆனால் சட்டகமும் பின்சில்லும் நேராக உள்ளது, இதற்குப் போதும். முன்சில்லு ஓரளவு வளைந்திருந்தாலும் பாதகமில்லை. அது சுழலப் போவதில்லை.

பின்னச்சு எப்படிப்பட்டது? வெளிநாட்டுச் சைக்கிள்களில் கையால் திறக்கும் அச்சு இருக்கும். எமது சைக்கிள்களில் இருபுறமும் நட்டுப் போட்ட அச்சு. தாங்கியின் பிடிக்குள் நட்டு அடங்குகின்றதா என்பதைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து அனுப்பச் சொல்பவர்கள் அச்சின் படத்தையும் அளவையும் முதலில் அனுப்புங்கள்.

சில்லின் அளவு என்ன? பெண்கள் சைக்கிள் பெரும்பாலும் 26 அங்குலம். பழைய பெரிய சைக்கிள் 28 அங்குலம். தாங்கியின் பெட்டியில் 26 முதல் 29 வரை என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்தும்.

ரயர் எப்படி? பெரிய பூப்போட்ட ரயர் உருளையில் உராய்ந்து இரையும், விரைவில் தேயும். தேய்ந்து மழுங்கிய ரயரே இதற்கு நல்லது. காற்றை இறுக்கமாக அடிக்க வேண்டும். உருளையை ரயரில் முட்டும்வரை கொண்டுவந்து அதன்பின் இரண்டு சுற்று இறுக்குங்கள். பலமாக மிதிக்கும்போது ரயர் வழுக்கினால் இன்னும் சற்று இறுக்கலாம்.

முன்சில்லின் கீழ் ஒரு பலகைத் துண்டு வைத்துச் சைக்கிளை மட்டமாக்க வேண்டும். தாங்கியின் கீழ் இறப்பர் விரிப்பு அல்லது தடித்த சாக்கு போட்டால் நில அதிர்வும் சத்தமும் குறையும். தகரக் கொட்டிலிலும் ஒட்டிய வீடுகளிலும் இருப்பவர்களுக்கு இது அவசியம்.

எந்தச் செயலி, எவ்வளவு பணம்?

இங்கேதான் கணக்குப் போட வேண்டும். மலிவான காந்தத் தாங்கி செயலியோடு தானாகப் பேசாது. அதற்குப் பின்சில்லின் அச்சுக்குடத்தில் மாட்டும் வேக உணரி ஒன்று தேவை. முன்சில்லில் மாட்டினால் பயனில்லை. அது சிறிய பொத்தான் பற்றறியில் இயங்கும். புளூடூத் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்விஃப்ட் செயலி இவ்வேகத்தை வைத்து உங்கள் வலுவைக் கணித்துக்கொள்ளும். பெடல் சுற்றுகளை மட்டும் எண்ணும் உணரியை வாங்கிவிட்டால் திரையில் உருவம் நகராது. கடைகளில் விற்கப்படும் சாதாரண உடற்பயிற்சிச் சைக்கிள்களுக்கும் இதே பிரச்சினை உண்டு.

ஸ்விஃப்ட் மாதக் கட்டணம் 2024 இல் ஏறக்குறைய 20 டொலராக உயர்த்தப்பட்டது. டொலர் ஒன்றுக்கு 300 ரூபா என்று வைத்தால் மாதம் 6,000 ரூபா. வருடத்துக்கு 72,000 ரூபா. மைவூஷ் செயலிக்குக் கட்டணம் இல்லை. ஆனால் சில செயலிகள் வலுவை நேரடியாகச் சொல்லும் கருவியையே ஏற்கும். எனவே தாங்கியை வாங்குமுன் எந்தச் செயலி எந்தக் கருவியை ஏற்கின்றது என்பதை அச்செயலியின் உதவிப் பகுதியில் பாருங்கள், அல்லது பிள்ளைகளைக் கொண்டு பார்ப்பியுங்கள்.

100 டொலர்த் தாங்கியும் வேக உணரியும் வாங்கி வருடம் முழுவதும் செயலிக்குக் கட்டினால், ஒரே வருடத்தில் செலவு 'ஸ்மார்ட்' தாங்கியின் விலையை எட்டிவிடும். இரண்டாவது வருடத்திலிருந்து நட்டம். ஆகவே செயலி கட்டாயம் வேண்டும் என்பவர்கள் பழைய 'ஸ்மார்ட்' தாங்கி ஒன்றையும் இலவசச் செயலியையும் நாடுவது புத்தி. செயலி முக்கியமல்ல, உடற்பயிற்சியே முக்கியம் என்பவர்களுக்குக் காந்தத் தாங்கி மட்டும் போதும். யூரியூபில் சைக்கிளோட்ட வீதிக் காணொளிகள் இலவசமாக உள்ளன. கைத்தொலைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மிதித்தாலும் இதயத்துக்குக் கிடைக்கும் பயன் ஒன்றுதான்.

இச்செயலிகளை முதலில் பதிவிறக்க ஒரு கிகாபைற்றுக்கு மேல் டேற்றா செலவாகும். பழைய கைத்தொலைபேசிகளில் அவை இயங்காமலும் போகலாம். பணம் கொடுத்துக் கருவி வாங்குவதற்கு முன்னரே செயலியை இறக்கித் திறந்து பாருங்கள்.

கப்பல் பெட்டியில் வரும் பழைய கருவிகள்

புலம்பெயர்ந்த நாடுகளில் பழைய தாங்கிகள் மலிவாகக் கிடைக்கின்றன. கொரோனாக் காலத்தில் வாங்கியவர்கள் பலர் இப்போது விற்கின்றார்கள். அனுப்புபவரிடம் நான்கு விடயங்களைச் சொல்லுங்கள். அச்சைப் பிடிக்கும் கம்பியையும் எல்லாத் திருகாணிகளையும் ஒரு பையில் கட்டித் தாங்கியோடு சேர்த்து வைக்க வேண்டும். அது தொலைந்தால் இங்கே கிடைப்பது கடினம். உருளையைக் கையால் சுற்றிப் பார்த்து கரகர என்ற சத்தம் இல்லையென உறுதிப்படுத்த வேண்டும். மின்சாரத்தில் இயங்குவதானால் அதன் மின்மாற்றியில் 100–240 வோல்ற்று என எழுதியிருக்க வேண்டும். கனடாவில் 120 வோல்ற்று, இங்கே 230 என்பதால் அது இல்லையெனில் எரிந்துவிடும். நிறையையும் கேளுங்கள். காந்தத் தாங்கி பொதுவாகப் பத்துக் கிலோவுக்குள் அடங்கும். நேரடித் தாங்கி அதன் இரு மடங்கு வரை வரும்.

கடன் எடுத்து வாங்கலாமா?

கூடவே கூடாது. வீட்டு வாசலுக்கு வரும் நுண்கடன்களால் எமது பெண்கள் பட்ட பாடு யாவரும் அறிந்தது. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018 இல் அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. உடம்பைக் காப்பதற்கென்று கடன் எடுத்து, அந்தக் கடனால் நித்திரையை இழப்பதில் பொருளில்லை. அஸ்வெசும பணத்தில் வாழும் குடும்பம் தனியே இதனை வாங்க நினைக்கவும் வேண்டாம்.

ஆனால் பத்துப் பேர் சேர்ந்தால் வாங்கலாம். நான் அறிந்த ஒரு குழுவில் பெண்கள் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில் ஒரு காந்தத் தாங்கியையும், பழைய இரும்புக்குப் போகவிருந்த பெண்கள் சைக்கிளொன்றையும் வாங்கிச் சங்கக் கட்டடத்தில் வைத்திருக்கின்றார்கள். சுவரில் நேர அட்டவணை ஒட்டியிருக்கின்றது. ஒருவருக்கு அரை மணித்தியாலம். ஒருவர் மிதிக்கும்போது மற்றவர் அவருடைய சிறு பிள்ளையைப் பார்க்கின்றார். மாதத்துக்கு ஒருவர் செயினுக்கு எண்ணெய் விட்டுத் துடைக்கின்றார். சீற்றை ஒவ்வொருவரின் உயரத்துக்கும் மாற்ற ஒரு சாவி கயிற்றில் கட்டித் தொங்குகின்றது. அங்கே அதிகம் நடப்பது கதைதான். நீதிமன்றத் தவணை, காணி உறுதி, மகளின் பரீட்சை என்று எல்லாமே அந்த அறையில் பேசப்படுகின்றன. தாங்கி வருவதற்கு முன்னர் அந்தக் கட்டடம் மாதத்தில் ஒரு நாள்தான் திறக்கப்பட்டது.

ஏறுவதற்கு முன்

உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தவர் ஒருவருக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடற்பயிற்சி தேவை. நாளுக்கு அரை மணித்தியாலம், வாரத்தில் ஐந்து நாட்கள் என்றால் 150 நிமிடங்கள் வந்துவிடும். முதல் வாரம் பத்து நிமிடத்தோடு நிறுத்துங்கள். மிதிக்கும்போது கதைக்க முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியாமல் மூச்சு வாங்க வேண்டும். அதுவே மிதமான அளவு.

35 வயதைக் கடந்தவர்கள் அரசாங்க ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். அதன் பின்னர் ஆரம்பியுங்கள். நெஞ்சு நோ, தலைச்சுற்று, வழமைக்கு மாறான மூச்சுத் திணறல் வந்தால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் போக வேண்டும். இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு ஏறக்கூடாது. கைக்கெட்டும் தூரத்தில் இனிப்பு இருக்கட்டும். செருப்புடன் மிதிக்காமல் மூடிய சப்பாத்து அணிந்து, முடிந்ததும் பாதத்தில் காயம் இருக்கின்றதா எனப் பாருங்கள்.

உடம்பில் செல் துண்டுகள் உள்ளவர்கள், முதுகிலோ இடுப்பிலோ காயப்பட்டவர்கள், செயற்கைக் கால் அணிந்தவர்கள் வைத்தியரின் அல்லது உடற்பயிற்சிச் சிகிச்சையாளரின் ஆலோசனையைப் பெற வேண்டும். சைக்கிள் அசையாமல் நிற்பதால், வீதியில் ஓட முடியாத பலருக்கு இது சாத்தியமாகலாம். ஆனால் எவ்வளவு, எப்படி என்பதை அவர்களே சொல்ல வேண்டும்.

பெடல் கீழே இருக்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் முழங்கால் நேராக வர வேண்டும். சீற் அதைவிடத் தாழ்ந்திருந்தால் முழங்கால் நோகும். சேலை, தாவணி, தளர்ந்த பாவாடை செயினில் சிக்கும். சுழலும் சில்லுக்குள்ளும் செயினுக்குள்ளும் சிறுவர்கள் விரலை விட்டுவிடுவார்கள். பிள்ளைகள் நடமாடும் இடத்தில் மிதிக்க வேண்டாம். வீட்டுக்குள் காற்று இல்லாததால் அதிகம் வியர்க்கும். யன்னலைத் திறந்து வையுங்கள், தண்ணீரைப் பக்கத்தில் வையுங்கள். சைக்கிளில் விழும் வியர்வையைத் துடைக்காவிட்டால் கறள் பிடிக்கும்.

பெயரும் படமும்

இச்செயலிகள் உங்கள் பெயர், நாடு, வயது, உயரம், நிறை ஆகியவற்றைக் கேட்கும். வேகத்தைக் கணிப்பதற்கு நிறை அவசியம். ஆனால் உண்மையான முழுப் பெயரையும் படத்தையும் ஊரையும் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. வீட்டில் அழைக்கும் பெயர் போதும். முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாதவாறு தனியுரிமை அமைப்பை மாற்றுங்கள். தனியாக வாழும் பெண்கள், எந்த நேரத்தில் வீட்டில் மிதிக்கின்றோம் என்பது மற்றவர்களுக்குத் தெரியாமல் இருப்பது நல்லது. பணம் அறவிடும் அட்டை இலக்கத்தை இன்னொருவரின் கைத்தொலைபேசியில் பதிய வேண்டாம்.

வீதியையும் விட்டுவிடக் கூடாது

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் ஆரம்பத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதனை ஊக்குவித்தார். கல்லுடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் உட்படப் பல்லாயிரம் பேர் சைக்கிள் பழகினார்கள். ஆரம்பத்தில் கேலி செய்யப்பட்டார்கள். ஓடுபவர்களின் தொகை கூடியபோது கேலி அடங்கிற்று.

எமது நாட்டிலும் 2022 இல் பெற்றோல் இல்லாமல் போனபோது பெண்கள் பலர் பழைய சைக்கிள்களைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அந்த மாதங்களில் எவரும் கதை கட்டவில்லை. அப்படியானால் வீதியில் ஒரு பெண் சைக்கிளில் போவதைச் சமூகம் ஏற்க முடியாது என்பது உண்மையா? தேவை வரும்போது ஏற்கின்றது. தேவை தீர்ந்ததும் மறுக்கின்றது. இதனை நாம் கேள்விக்குட்படுத்த வேண்டும்.

வீட்டுக்குள் மிதிப்பது நல்லது. மழையிலும் வெயிலிலும், பிள்ளை நித்திரை கொள்ளும் நேரத்திலும் அது உதவும். ஆனால் "வீட்டுக்குள்ள சைக்கிள் இருக்குத்தானே, வெளியில ஏன் போறாய்?" என்று ஒருவர் எம்மிடம் சொல்வதற்கு அது காரணமாகக் கூடாது. தாங்கியில் ஆறு மாதம் மிதித்துக் காலிலும் மூச்சிலும் பலம் வந்த பின்னர், குழுவாக நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு விடியற்காலையில் உட்துறைமுக வீதியில் ஓடிப் பாருங்கள். தனியே போனால் கேட்கப்படும் கேள்வி, கூட்டமாகப் போனால் கேட்கப்படுவது குறைவு.

சகோதரிகளே, எத்தனையோ பேருக்காக உழைத்த உடம்பு இது. அதற்கு நாளொன்றுக்கு அரை மணித்தியாலம் கொடுப்பதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வசதி இருப்பவர்கள் தாங்கி வாங்குங்கள். இல்லாதவர்கள் குழுவாகச் சேருங்கள். அடுத்த மாதச் சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனையும் ஒரு விடயமாகச் சேர்த்து, எந்த வீட்டில் பாவிக்காத சைக்கிள் கிடக்கின்றது, எந்த அறையில் இடம் இருக்கின்றது என்று பேசிப் பாருங்கள். ஆரம்பிப்பதற்கு அது போதும்.